அவர் சொன்ன பேடி

2011 டிசம்பரில் என் ஜீப்பின் முன்கண்ணாடியை உடைத்தவருடைய கடையில் போன வாரம் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தேன். காசு கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அதில் ஒன்றும் தெரிந்திருக்காது. அந்தக் கடையின் படியை மறுபடி மிதிக்க எனக்கு ஏழு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அந்த வருஷங்கள் எப்படிப் போயின, எது என்னைத் திரும்ப அங்கே கொண்டுபோய் விட்டது என்று எழுதி வைக்கத் தோன்றியது. யாரோ ஒருவர் மேல் வருஷக்கணக்காகக் கோபத்தைச் சுமக்கிறவர்களுக்கு இதில் ஏதாவது கைகொடுக்கலாம்.

எனக்கு ஊர் தேனி மாவட்டம் கூடலூர். லோயர்கேம்ப் தாண்டி, இரைச்சல்பாலம் தாண்டி மலையேறினால் குமுளி. அங்கே செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா. எங்கள் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போவார்கள். அவர்களை ஏற்றிப்போகும் ஜீப்புகளில் ஒன்று என்னுடையது. காலையில் ஏற்றி, வேலை முடிந்ததும் திரும்பக் கொண்டுவந்து விடவேண்டும். அப்போது என் வண்டியில் 11 பேர் வருவார்கள். முன் சீட்டில் எப்போதும் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. வளைவுகளில் அவருக்குத் தலை சுற்றும் என்பதால் அந்த இடத்தை வேறு யாரும் கேட்க மாட்டார்கள்.

குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு போகிற வழியில் ஒரு முக்கில் அவருடைய சாயாக்கடை. அவர் பேர் வேண்டாம், சேட்டன் என்றே சொல்கிறேன். நாங்கள் போய் நிற்கும்போது அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் பெண்கள், தலையில் மழைக்குப் போட்டுக்கொள்ளும் கொங்காணியை உதறிவிட்டு அடுப்புப் பக்கமாக ஒதுங்க இடம் விடுவார். என்னை அண்ணாச்சி என்பார், நான் சேட்டா என்பேன். மாசக் கடைசியில்தான் கணக்குப் பார்ப்போம். ஐந்து வருஷம் இப்படி ஓடியது. எனக்குத் தெரிந்த மலையாளம் முழுவதும் சாயா, டீசல், கூலி, வழி, மழை. அதைத் தாண்டிப் பேசிக்கொள்ள எங்களுக்கு வேளை வந்ததே இல்லை.

முல்லைப்பெரியாறு அணையைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1886இல் திருவிதாங்கூர் அரசுக்கும் ஆங்கிலேய அரசுக்கும் 999 வருஷக் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 1895இல் ஆங்கிலேய எஞ்சினியர் பென்னிகுவிக் அணையைக் கட்டி முடித்தார். மேற்கே ஓடின ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே எங்கள் பக்கம் திருப்பினார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைவது அந்தத் தண்ணீரில்தான். எங்கள் வீட்டில் சாமி படங்களோடு பென்னிகுவிக் படமும் இருக்கிறது. ஜனவரி 15, அவர் பிறந்த நாளில், இங்கே அவருக்குப் பொங்கல் வைப்போம். அணை என்றால் எங்களுக்குச் சோறு. நான் வளர்ந்தது இந்த ஒரு பாதியை மட்டும் கேட்டு.

மறுபாதி அணைக்குக் கீழே இருந்தது. வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, சப்பாத்து, உப்புத்தறை என்று பெரியாற்றங்கரையில் இருக்கிற ஊர்களுக்கு, சுண்ணாம்பும் சுர்க்கி என்கிற செங்கல்பொடியும் கல்லும் வைத்து நூறு வருஷத்துக்கு முன்னால் கட்டின ஒரு சுவர் தலைக்கு மேலே நிற்கிறது. 1979இல் குஜராத்தில் மோர்பி ஊருக்கு மேலே இருந்த மச்சு அணை உடைந்து ஊரே போனபோது இங்கேயும் பயம் பிடித்தது. அதன் பிறகுதான் முல்லைப்பெரியாற்றில் தண்ணீரை 136 அடியோடு நிறுத்தினார்கள். 2006இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளா அதைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. வழக்கு மேல் வழக்கு. 2011இல் இடுக்கியில் நில அதிர்வுகள் வந்தன. நவம்பர் மழையில் அணையும் நிறைந்து நின்றது. இரண்டு பக்கமும் பேச்சு தடித்தது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள், காயெடுப்பு முடிந்து திரும்பி வருகிறோம். அந்த முக்கில் பத்துப் பதினைந்து பேர் ரோட்டை மறித்து நின்றார்கள். முன்னால் நின்றவர் சேட்டன். கையில் கதவுக்குப் போடுகிற கட்டை. நான் வேகத்தைக் குறைத்துச் சிரித்தேன். தெரிந்த முகம்தானே என்று. பாண்டி என்று யாரோ கத்தினார்கள். தமிழனை அங்கே வசவாகச் சொல்வது அப்படித்தான். சேட்டனும் ஏதோ கத்தினார். அதில் பேடி என்ற ஒரு சொல் மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. அடுத்த நொடி கட்டை கண்ணாடியில் இறங்கியது. சில்லு தெறித்துச் சின்னம்மாவின் புருவத்துக்கு மேல் கிழித்தது. முகம் பூரா ரத்தம். பின்னால் பெண்கள் கதறுகிறார்கள். நான் கியரைப் போட்டு எப்படி வண்டியை எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. கூடலூர் வந்துதான் நிறுத்தினேன். சின்னம்மாவுக்கு நாலு தையல்.

அதற்குப் பிறகு குமுளி, கம்பம்மெட்டு வழிகள் வாரக்கணக்கில் அடைபட்டுக் கிடந்தன. தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தங்கி வேலை பார்த்தவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்தே இறங்கி வந்தார்கள். எனக்கு ஜீப் தவணை நின்றது. மனைவியின் வளையல் அடகுக்குப் போனது. இதையெல்லாம் தாங்கிக்கொள்ள முடிந்தது. அவர் என்னைப் பேடி என்று சொன்னதுதான் தொண்டையில் முள்ளாக நின்றது. எங்கள் ஊரில் ஓர் ஆணைப் பார்த்துச் சொல்லக்கூடாத சொல் அது. பெண்கள் நிறைந்த வண்டியை மறித்துக் கண்ணாடியை உடைத்தவன் என்னைப் பேடி என்கிறானே என்று பல ராத்திரி தூக்கம் வரவில்லை.

வழி திறந்த பிறகும் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வண்டிப்பெரியாறு பக்கத் தோட்டங்களை விட்டுவிட்டு, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேடு பக்கம் ஓட்டினேன். வழக்கமான வாடிக்கை போனது. புது இடத்தில் கொடுத்த கூலிக்குத்தான் ஓட்ட முடிந்தது.

கோபம் வளர்கிற விதத்தை எனக்குக் காட்டியது என் மகன். 2016 வாக்கில், அவனுக்கு 12 வயசு. கூட்டாளிகளோடு திண்ணையில் பேசிக்கொண்டிருந்தான். "எங்க அப்பா ஜீப்ப முப்பது பேரு சேர்ந்து அருவாளால வெட்டுனாங்க" என்றான். உள்ளே இருந்த எனக்குத் தூக்கிப் போட்டது. அரிவாள் எங்கே வந்தது? நான்தான் சொல்லியிருக்கிறேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், சாவு வீட்டில் என்று சொல்லிச் சொல்லி, பதினைந்து பேர் முப்பதாகி, கட்டை அரிவாளாகிவிட்டது. இவன் நாளைக்கு ஒரு மலையாளப் பையனோடு சேர்ந்து படிக்க வேண்டி வந்தால், இந்த இல்லாத அரிவாளையும் கூடவே கொண்டுபோவான்.

அன்று ராத்திரி டீசல் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தில், என் கண்ணால் பார்த்தது மட்டும். மறு பக்கத்தில், பிறகு கேட்டதும் நானாக நினைத்துக்கொண்டதும். இதை யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். ஒரே மூச்சில் எழுதாதீர்கள். எழுதி மூடி வைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துத் திரும்பப் பாருங்கள். பார்த்த பக்கத்தில் எனக்கு ஆறு வரிதான் தேறியது. கேட்ட பக்கம் நிறைந்து வழிந்தது. அந்த ஆறு வரியில் இரண்டு, ஐந்து வருஷமாக நான் யாரிடமும் சொல்லாதவை. ஒன்று, சேட்டன் காலில் செருப்பு இல்லை. கடையிலிருந்து அப்படியே ஓடி வந்தவர் போல நின்றார். இன்னொன்று, ஒரே ஓர் அடிதான் அடித்தார். சின்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கட்டையைக் கீழே போட்டார். அப்புறம் கையை வீசி, போ போ என்று எனக்கு வழி காட்டினார். எங்களை விரட்டினாரா, மற்றவர்கள் கையில் சிக்காமல் தப்பிக்க விட்டாரா, எனக்குத் தெரியவில்லை. நடந்த கதையைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கை வீச்சை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஏழாவது வரி ஒன்றும் இருந்தது. அதை எழுத எனக்கு ஒரு மாசம் ஆயிற்று. அதே டிசம்பரில் கம்பத்தில் மலையாளிகளின் கடைகளை உடைத்தார்களே, அதில் ஒரு பேக்கரியை உடைத்தபோது நான் அந்தத் தெருவில் நின்றேன். கல் எறியவில்லை. ஆனால் கண்ணாடி அலமாரி விழுந்தபோது கூட்டத்தோடு சேர்ந்து கத்தினேன். உள்ளே ஒரு பையன் மூலையில் குந்தி, காதைப் பொத்திக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டேதான் கத்தினேன். மனைவியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நோட்டில் எழுதியதோடு கோபம் போய்விடவில்லை. அதற்கு மேல் வளராமல் நின்றது, அவ்வளவுதான். என் அனுபவத்தில் அதுவே பெரிய காரியம்.

2018 ஆகஸ்ட் வந்தது. கேரளா முழுவதும் வெள்ளம். 15ஆம் தேதி விடியுமுன் முல்லைப்பெரியாற்றில் மதகைத் திறந்தார்கள். தண்ணீர் 140 அடியைத் தாண்டியிருந்தது. கீழே இருந்த ஊர்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வெளியேற்றினார்கள். வழி சரியானதும் எங்கள் தெருவில் அரிசி, போர்வை, பிஸ்கட் என்று சேர்த்தார்கள். கொண்டுபோக ஜீப் வேண்டும் என்றார்கள். எந்த ஊருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் சரி என்றேன். வண்டிப்பெரியாறு என்றதும் ஒரு நிமிஷம் தயங்கினேன். அங்கே தேயிலைத் தோட்டங்களில் எத்தனையோ தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களும் அதே ஆற்றங்கரையில், அதே அணைக்குக் கீழேதான் படுத்து எழுகிறார்கள். இதை அதுவரை நான் யோசித்ததே இல்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம். போர்வை கொடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு வயசான அம்மா வாங்கக் கை நீட்டவில்லை. இரண்டு கையாலும் ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்திருந்தார். அம்மச்சி, வாங்குங்க என்றேன். பையை மடியில் இறக்கி, ஒரு கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, மறு கையால் போர்வையை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜில்லென்று இருந்தது அந்தக் கை.

"பேடியா மோனே. ராத்திரி பேடியா."

அதே சொல். வயசான பெண்பிள்ளை, முன்பின் தெரியாத என் கையைப் பிடித்துக்கொண்டு என்னை ஏன் பேடி என்கிறார் என்று ஒரு கணம் குழம்பிப்போனேன். பக்கத்தில் இருந்த தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பெண் சொன்னாள், "ராத்திரியில பயமா இருக்குன்னு சொல்றாங்கண்ணே. அந்தப் பையில ரேஷன் கார்டு, பட்டா, பிள்ளைங்க சர்டிபிகேட்டு எல்லாம் இருக்கு. 2011ல பூமி ஆடுனதுல இருந்து அத தலைமாட்டுல வச்சுத்தான் தூங்குவாங்க."

மலையாளத்தில் பேடி என்றால் பயம். ஐந்து வருஷம் அந்த வழியில் ஓட்டியவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். சாயாக்கடையில் யாரும் என்னிடம் பயத்தைப் பற்றிப் பேசியதில்லை. அன்றைக்கு ரோட்டில் அவர் கத்தியது, எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று. நான் கேட்டது, நீ பேடி என்று. ஏழு வருஷம் என்னைத் தூங்கவிடாத வசவை அவர் சொல்லவே இல்லை.

நிமிர்ந்தபோது அந்த அம்மாவுக்குப் பின்னால் சேட்டன் நின்றுகொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. அது அவருடைய அம்மா.

"அண்ணாச்சி" என்றார்.

"சரி சேட்டா, வரேன்" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை. மீதிப் போர்வைகளைக் கொடுத்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

சினிமாவாக இருந்தால் அங்கேயே கட்டிப்பிடித்திருப்போம். எனக்கு அதன் பிறகும் எட்டு மாசம் வேண்டியிருந்தது. ஒருவருடைய வலி நமக்குப் புரிந்த உடனே மன்னிக்கவும் வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். எனக்கு முதலில் வந்தது எரிச்சல். இத்தனை வருஷம் சுமந்ததெல்லாம் வீணா என்ற எரிச்சல். அவருக்குப் பயம் இருந்தால் சின்னம்மா நெற்றியில் அது இறங்க வேண்டுமா என்ற கேள்வியும் கூடவே வந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. இன்றைக்கும் அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன்.

அந்த எட்டு மாசமும் ஒரு கேள்வியை மாற்றிக் கேட்டுப் பழகினேன். அதுவரை, எனக்கு ஏன் அப்படிச் செய்தான் என்றே கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்விக்கு, அவன் கெட்டவன் என்ற ஒரே பதில்தான் வரும். அதை விட்டுவிட்டு, அதற்கு முந்தின ராத்திரி அவர் எங்கே இருந்திருப்பார் என்று கேட்க ஆரம்பித்தேன். ஆற்றோர வீடு. மழை. பூமி ஆடிய கிலி. பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிற அம்மா. விடிந்ததும் எங்களுக்குச் சாயா ஆற்ற அடுப்பு மூட்ட வேண்டும். ஜீப்பில் சிரித்துப் பேசிக்கொண்டு வருகிற நாங்களோ, அணை இன்னும் நிறையட்டும் என்று வேண்டிக்கொள்கிற ஊர்க்காரர்கள். இது ஒன்றும் அவர் செய்ததைச் சரியாக்கிவிடாது. ஆனால் கட்டை பிடித்த கை யாருடையது என்று தெரிந்துவிடுகிறது. ஓர் ஆளைப் பார்க்க முடிந்தால் போய்ப் பேசலாம் என்ற தைரியம் வருகிறது.

2019 சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குப் போனேன். வருஷத்துக்கு அந்த ஒரு நாள்தான் அங்கே போக விடுவார்கள். இரண்டு மாநில அதிகாரிகளும் சேர்ந்து ஏற்பாடு செய்வார்கள். எங்கள் ஆட்கள் பளியன்குடியிலிருந்து காட்டு வழியே நடந்து ஏறுவார்கள், அவர்கள் குமுளியிலிருந்து ஜீப்பில் வருவார்கள். மேலே போனால் எல்லாருக்கும் ஒரே மலை, ஒரே வெயில். மதுரையை எரித்துவிட்டு அவள் வந்து நின்ற இடம் என்று அதைச் சொல்வார்கள். சேட்டனும் வருஷா வருஷம் வருவார் என்று எனக்குத் தெரியும். அவரைப் பார்க்கத்தான் போனேன்.

தனியாகப் போனேன். மனைவி, மகன், ஊர்ப் பெரியவர் யாரையும் கூட்டிப் போகவில்லை. பழைய பகையைத் தீர்க்கப் போகும்போது பக்கத்தில் ஆள் இருந்தால், நாம் பேசுவது எதிரில் இருப்பவருக்காக இருக்காது, பக்கத்தில் நிற்பவர் கேட்கவேண்டும் என்பதற்காகத்தான் இருக்கும். எத்தனையோ பஞ்சாயத்து அதனாலேயே முறிந்து பார்த்திருக்கிறேன். இன்னொன்றும் முடிவு செய்துகொண்டு போனேன். அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. என் பக்கத்துத் தப்பை முதலில் நான் சொல்லிவிடுவது.

கோயில் பக்கத்தில் ஒரு மரத்தடியில் இருந்தார். போய் உட்கார்ந்தேன். பேக்கரி விஷயத்தைச் சொன்னேன், காதைப் பொத்திக்கொண்டிருந்த பையன் வரைக்கும். குரல் நடுங்கியது. அவர் குறுக்கே பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார். அவர் தம்பிக்கும் கம்பத்தில் ஒரு பேக்கரி இருந்ததாம். அதை உடைத்த சேதி அன்று மத்தியானம்தான் போனில் வந்ததாம். தம்பி எங்கே இருக்கிறான் என்று தெரியாமல் செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடி வந்த நேரத்தில்தான் என் வண்டி வந்தது.

எந்தத் தெரு என்று கேட்டேன். சொன்னார். நான் நின்ற தெரு அது இல்லை. வேறு கடை. கொஞ்ச நேரம் நிம்மதியாக இருந்தது. அப்புறம் அந்த நிம்மதியே உறுத்தியது. அங்கேயும் யாரோ என்னை மாதிரி ஒருவன் நின்று கத்தியிருப்பான்.

"எண்டெ தெற்றாணு அண்ணாச்சி" என்றார். என் தப்பு என்று. முன் சீட்டில் இருந்த அம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். அந்த முகம் மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை என்றார். மொத்தம் கால் மணி நேரம்தான் பேசியிருப்போம். அதற்கு மேல் இழுக்காமல் எழுந்துவிட்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. நீட்டினால் பழைய கணக்கு ஒவ்வொன்றாக வந்து நிற்கும்.

இறங்கி வந்ததும் சின்னம்மாவிடம் சொன்னேன். புருவத்துக்கு மேல் தழும்பைத் தடவிக்கொண்டே கேட்டார். முடித்ததும், "ஒனக்கு ஒடஞ்சது கண்ணாடி. நீ மன்னிச்சுட்ட. எனக்கு ஒடஞ்சது மூஞ்சிடா" என்றார். எனக்குப் பதில் இல்லை. சேட்டன் ஒரு தடவை பலாப்பழமும் மிளகும் கொடுத்துவிட்டார். சின்னம்மா மிளகைத் தொடவில்லை. பழத்தைத் தெருப்பிள்ளைகளுக்கு அறுத்துக் கொடுத்துவிட்டார். நான் வற்புறுத்தவில்லை. என் பங்குக் கோபத்தைத்தான் நான் இறக்கிவைக்க முடியும். அவருடைய பங்கை நான் கை நீட்டி வாங்கி இறக்க முடியாது. ஆனானப்பட்டவர்களும் தவறுகிற இடம் இது. குடும்பத்தில் ஒருவர் மன்னித்துவிட்டால் மற்றவர்களையும் உடனே சிரிக்கச் சொல்கிறார்கள். அடிபட்டவருக்கு அது இன்னொரு அடி.

எச்சரிக்கையையும் நான் விட்டுவிடவில்லை. அணைப் பேச்சு சூடானால், பந்த் என்று சேதி வந்தால், பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேற மாட்டேன். அந்த முக்கில் கூட்டம் தெரிந்தால் நிறுத்த மாட்டேன், சேட்டன் கையசைத்தாலும் சரி. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன். அதுதான் சரி என்றார். மன்னித்தவர் மேல் மறுபடியும் முழு நம்பிக்கை வைத்தாக வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்பிக்கை தனியாக, மெதுவாக, சின்னச் சின்னக் காரியங்களில் வரட்டும்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர் போயிற்று, தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். சேதி தெரிந்ததும் எனக்கு முதலில் வந்த போன் சேட்டனுடையது. அங்கே உங்கள் ஆட்கள் யாராவது இருக்கிறார்களா, நான் வண்டி பிடித்துப் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டார். சொந்தம் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் ரொம்ப நேரம் போனை வைக்கவில்லை, இரண்டு பேரும்.

அணை விஷயத்தில் எங்களுக்குள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அணை பலமாக இருக்கிறது, 142 அடி தேக்கலாம் என்றது. நானும் அதைத்தான் நம்புகிறேன். புது அணை கட்ட வேண்டும் என்பார் அவர். என் அண்ணன் வயலுக்கு இரண்டாம் போகத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்பேன் நான். தண்ணீர் உங்களுக்கு, உயிர் எங்களுக்கு என்று அவர்கள் பக்கத்தில் சொல்வார்கள், அதையும் சொல்வார். முதலில் கடையில் இதைப் பேசுவதில்லை என்று வைத்திருந்தோம். இப்போது பேசுகிறோம். குரல் ஏறினால் ஒருவர் வெளியே போய் மழையைப் பார்த்துவிட்டு வருவார். தீர்ப்பைச் சொல்லி அவர் அம்மாவைத் தூங்கவைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். புது அணை வரும் வரை என் அண்ணன் நாற்று காத்திருக்காது என்று அவருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் அணை நீர்மட்டத்தைத் தினமும் பார்க்காத விவசாயி இல்லை. பேப்பரில் வரும், வாட்ஸ்அப்பிலும் வரும். முன்னெல்லாம் ஓர் அடி ஏறினால் எங்கள் வீட்டில் சந்தோஷம், அவ்வளவுதான். இப்போது மழை வலுத்த ராத்திரிகளில் மட்டத்தைப் பார்த்ததும் சேட்டனுக்குப் போன் செய்கிறேன். எத்தனை அடி, எவ்வளவு வரத்து, எவ்வளவு இங்கே சுரங்கத்தில் திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்த வரை சொல்வேன். அவர் அதை அப்படியே உள்ளே அம்மாவுக்குச் சொல்வது போனில் கேட்கும். அந்த அம்மா ஏதாவது திருப்பிக் கேட்பார். அவர் என்னிடம் கேட்பார்.

முந்தாநாள் ராத்திரியும் நல்ல மழை. பத்தரை மணிக்குக் கூப்பிட்டேன். மட்டத்தைச் சொன்னேன். உள்ளே சொல்லும் சத்தம் கேட்கவில்லை.

"அம்மச்சிகிட்ட சொல்லலையா சேட்டா?"

"அம்ம உறங்ஙி அண்ணாச்சி" என்றார்.